கைகழுவிய பொருளுக்கும் பூட்டா?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டின் பழுதுபார்ப்புக் கடைகளுக்கு வரும் பழைய செல்பேசிகளில் சில பழுதே இல்லாதவை. முந்தைய கணக்கின் கடவுச்சொல் தெரியாததால் மட்டும் முடங்கியவை. ஆப்பிள் 2013இலும் கூகுள் 2015இலும் கொண்டுவந்த திருட்டுத்தடுப்புப் பூட்டு இது. பூட்டு தேவைதான், செல்பேசியைப் பறிகொடுத்த உணவு விநியோகத் தொழிலாளி அன்றைய கூலியையும் இழக்கிறார். ஆனால், தரவுகள் அனைத்தையும் அழித்தாலும் இப்பூட்டு நீங்காது. அனுமதி நிறுவனத்தின் சர்வரிலிருந்தே வர வேண்டும். பழுதுபார்ப்பவரின் கைத்திறன் அங்கே செல்லாது. ‘திறந்து தருகிறோம்’ என்று பணம் பறிக்கும் மென்பொருள் வியாபாரம் வேறு!

விண்டோஸ் செல்பேசிகளுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் நிறுத்தியது; எல்ஜி 2021இல் செல்பேசித் தொழிலிலிருந்தே விலகியது. பழைய கருவியை ரசீதின்றி வாங்கிய ஏழை யாரிடம் முறையிடுவார்? நல்ல கருவி மின்னணுக் கழிவாகிறது. அவர் மீண்டும் கடன்பட்டுப் புதியது வாங்குகிறார். இலாபம் யாருக்கு என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

திருடப்பட்ட செல்பேசியை ஐஎம்இஐ எண்ணைக் கொண்டு முடக்கும் ஒன்றிய அரசின் சிஇஐஆர் பதிவேடு 2023 முதல் நாடு முழுவதும் செயல்படுகிறது. அதில் புகார் பதிவாகாத, விற்பனை நிறுத்தப்பட்ட கருவிகளுக்கு, முந்தையவரின் தரவுகளை அழித்துப் பூட்டை நீக்கித் தருவதை நிறுவனங்களின் சட்டக் கடமையாக ஒன்றிய அரசு ஆக்க வேண்டும்.