ஆராய்ச்சிக் கூடத்திலும் குரு பீடமா?

நோய் வருவதற்குக் காரணம் கிரகக் கோளாறு, பேய், பூர்வ ஜென்ம வினை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, அதெல்லாம் பொய், கண்ணுக்குத் தெரியாத கிருமிதான் காரணம், உடலிலுள்ள இரசாயனக் குறைவுதான் காரணம் என்று மெய்ப்பித்துக் காட்டியது வைத்திய விஞ்ஞானமேயாகும். ஆதலால் நம் தோழர்களில் பலர், ஆராய்ச்சிக் கூடம் என்றால் அங்கு ஜாதி, உறவு, ஆண், பெண் என்கின்ற பேதம் எதுவும் தலைகாட்டாது என்றும், அறிவுக்கு மாத்திரமே அங்கு மதிப்பு என்றும் நம்பிக்கொண்டிருக்கின்றார்கள். இதுவும் ஒருவித மூடநம்பிக்கை என்றுதான் நாம் சொல்லுவோம். நுண்ணோக்கியில் பார்க்கும்போது நேர்மையாய்ப் பார்க்கின்ற கண், அதைவிட்டுத் திரும்பிப் பக்கத்தில் நிற்கும் மாணவியைப் பார்க்கும்போது பழைய பாட்டன் காலத்துக் கண்ணாகவே ஆகிவிடுகின்றது.

1933-ம் வருஷத்தில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் நடந்த சங்கதியைப் பாருங்கள். கமலா பாகவத் என்ற பெண் (பிற்காலத்தில் கமலா சோஹோனி) பம்பாய் சர்வகலாசாலையில் முதலாவதாகத் தேறி, அக்கழகத்தில் ஆராய்ச்சி செய்ய இடம் கேட்டார். அப்போது கழகத்தின் தலைவர் சர். சி.வி. இராமன் அவர்கள். 1930-ல் நோபெல் பரிசு பெற்றவர். ஒளியைப் பற்றி உலகத்துக்கே பாடம் சொன்னவர். அவர் சொன்ன பதில், பெண்ணுக்கு இடமில்லை என்பதேயாகும். அந்தப் பெண் விடாமல் நின்று காரணம் கேட்டபின், நிபந்தனையின் பேரில் சேர்த்துக்கொண்டார். முதல் ஒரு வருஷம் ஒழுங்கான மாணவியாகக் கருதப்படமாட்டாள். வழிகாட்டி சொன்னால் இரவிலும் வேலை செய்யவேண்டும். கூடத்திலுள்ள ஆண்களின் கவனத்தைச் சிதற அடிக்கக்கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையைத் தோழர்கள் சற்று கவனிக்கவேண்டும். கவனம் சிதறுகின்றவன் ஆண், நிபந்தனையோ பெண்ணுக்கு! விசுவாமித்திரன் தவம் கெட்டதற்கு மேனகையைக் குற்றவாளியாக்கிய புராணத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

ஆனால் அதே கழகத்தில் சீனிவாசய்யா என்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர் அந்தப் பெண்ணுக்கு வேலை கற்றுக்கொடுத்தார். பாலிலும் பருப்பிலும் உள்ள புரதங்களைப் பற்றி அம்மையார் செய்த ஆராய்ச்சி இராமன் அவர்களையே ஒப்புக்கொள்ளச் செய்தது. பிறகு மற்றப் பெண்களுக்கும் கதவு திறந்தது. அம்மையார் கேம்பிரிட்ஜ் சென்று, உயிரணுக்கள் மூச்சுவிட உதவும் சைட்டோகுரோம் சி என்ற பொருள் தாவரங்களிலும் இருப்பதைக் காட்டி, 1939-ல் டாக்டர் பட்டம் பெற்றார். முதலில் அடைந்த அவமானத்தை அவர் கடைசிவரையில் மறக்கவில்லை. இராமனுடைய பெயர் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். சீனிவாசய்யாவின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு மனுஷியை விஞ்ஞானியாக்கிய காரியத்தில் யார் பெரியவர் என்பதைத் தோழர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும். நின்று காரணம் கேட்கத் துணியாமல் பெட்டி படுக்கையோடு ஊருக்குத் திரும்பிப்போன கமலாக்கள் எத்தனை பேர் என்பதற்கு யாரிடத்திலும் கணக்கில்லை.

மேல்நாட்டில் மாத்திரம் என்ன வாழ்ந்தது? கார்ல் கோரி, கெர்ட்டி கோரி என்ற புருஷனும் மனைவியும் ஒரே மேஜையில், ஒரே ஆராய்ச்சியைச் செய்தார்கள். 1931-ல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலை புருஷனுக்குப் பேராசிரியர் பதவியும், மனைவிக்கு அவர் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு சம்பளத்தில் உதவியாளர் வேலையும் கொடுத்தது. 1947-ல் இருவருக்கும் சேர்த்தே வைத்திய நோபெல் பரிசு வந்தது. அந்த அம்மையார் பேராசிரியர் ஆனதும் அந்த வருஷத்தில்தான்! அவர்களுடைய கூடத்தில் பழகியவர்களில் ஆறு பேர் பிற்காலத்தில் நோபெல் பரிசு பெற்றார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

இதெல்லாம் பழங்கதை, இப்போது மார்க்கைப் பார்த்துத்தான் இடம் கொடுக்கின்றார்கள் என்று சில பண்டிதர்கள் சொல்லுவார்கள். மார்க்குப் போடுகின்ற கை யாருடையது என்பதுதான் நமது கேள்வி. 1995-ல் ஸ்வீடன் தேசத்து வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சிலில் 20 உபகாரச் சம்பள இடங்களுக்கு 62 ஆண்களும் 52 பெண்களும் மனுப் போட்டார்கள். ஆண்களுக்கு 16, பெண்களுக்கு 4 கிடைத்தது. கிறிஸ்டீன் வென்னராஸ், ஆக்னஸ் வோல்ட் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள், சர்க்கார் தஸ்தாவேஜுகளைப் பார்க்கும் சட்ட உரிமையைக் கொண்டு, மூடிவைத்திருந்த மார்க்குகளை வெளியில் இழுத்துக் கணக்குப் போட்டார்கள். ஆணுக்குக் கொடுத்த அதே மார்க்கைப் பெண் ஒருத்தி வாங்கவேண்டுமானால் அவள் ஆணைப்போல் இரண்டரை மடங்கு வேலை செய்திருக்கவேண்டும் என்று 1997-ல் 'நேச்சர்' பத்திரிகையில் அச்சிட்டுக் காட்டினார்கள். அதோடு இன்னொன்றும் வெளிப்பட்டது. கமிட்டியிலுள்ளவர்களோடு சம்பந்தமுள்ளவர்களுக்கும் தனிச் சலுகை! ஆகவே அங்கே தள்ளப்பட்டவர்கள் பெண்கள் மாத்திரமல்ல, வேண்டியவர் இல்லாத ஆண்களுந்தான். பூணூலும் பஞ்சாங்கமும் இல்லாத தேசத்திலேயே இப்படியென்றால், நம் தேசத்தைப் பற்றி விரித்துச் சொல்லவேண்டுமா?

2012-ல் அமெரிக்காவில் வேறொரு பரீட்சை செய்தார்கள். ஆராய்ச்சிக்கூட வேலைக்கு ஒரே விண்ணப்பத்தைப் பாதிப் பிரதியில் ஜான் என்றும், பாதிப் பிரதியில் ஜெனிஃபர் என்றும் பெயர் போட்டு 127 விஞ்ஞானப் பேராசிரியர்களிடம் அனுப்பினார்கள். பெயரைத் தவிர ஒரு எழுத்துக்கூட வித்தியாசமில்லை. ஜானுக்குச் சராசரி 30,238 டாலர் சம்பளம் கொடுக்கலாம் என்றும், ஜெனிஃபருக்கு 26,508 போதுமென்றும் பதில் வந்தது. கூட வைத்து வழிகாட்டி முன்னுக்குக் கொண்டுவரவும் ஜானுக்கே அதிகம் முன்வந்தார்கள். இப்படிச் செய்தவர்களில் பெண் பேராசிரியர்களும் உண்டு; அவர்கள் ஆண்களுக்குக் கொஞ்சமும் சளைக்கவில்லை. மருமகளை வதைக்கின்ற மாமியாரும் பெண்தானே!

வழிகாட்டுவது என்றால் ஏதோ ஆசீர்வாதம் என்று நம்மவர்கள் நினைத்துவிடக்கூடாது. எந்தக் கேள்வியை ஆராய்ந்தால் பலன் உண்டு, எந்தப் பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்புவது, எந்த உபகாரச் சம்பளத்துக்கு எப்போது மனுப் போடுவது, கட்டுரையில் யார் பெயர் முதலில் வரவேண்டும், வெளியூர்க் கூடத்தில் யாருக்கு எழுதினால் பதில் வரும் - இவைகளெல்லாம் புஸ்தகத்தில் இருப்பதில்லை, வாய்மொழியாகவே நடமாடுகின்றன. டாக்டர் வீட்டுப் பிள்ளை இவைகளைச் சாப்பாட்டுப் பந்தியிலேயே தெரிந்துகொள்கின்றான். ஏர் உழுகின்றவன் மகனும், பீடி சுற்றுகின்றவள் மகளும் யாரிடத்தில் கேட்பார்கள்? மார்க்கு வாங்கிச் சேர்ந்துவிட்டால் மாத்திரம் போதுமா?

நம் சர்வகலாசாலைகளில் இதற்கு 'கைடு' என்று ஒருவர் இருக்கின்றார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ம் வருஷத்து விதிகளின்படி ஒரு பேராசிரியர் 8 ஆராய்ச்சி மாணவர் வரையில் வைத்துக்கொள்ளலாம். பெண்களுக்கு 240 நாள் பிரசவ விடுமுறையும் உண்டு. காகிதத்தில் இருக்கின்ற இந்த விடுமுறையை எடுக்க எந்தப் பெண் தைரியமாகக் கேட்பாள்? கையெழுத்தும் சிபார்சுக் கடிதமும் அந்த ஒரே மனிதர் கையில் அல்லவா இருக்கின்றன! மாணவரின் வேலையைப் பார்த்து ஆலோசனை சொல்ல ஒரு கமிட்டியும் விதியில் உண்டு. அந்தக் கமிட்டியைக் கூட்டுகின்றவரும் அதே 'கைடு'தான். கட்டைவிரலைக் காணிக்கை கேட்ட துரோணனிடமே ஏகலைவன் முறையிட்டுக்கொள்ளவேண்டுமாம்! நல்ல மனம் படைத்த 'கைடு'கள் பலர் இருக்கின்றார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. நல்ல ஜமீன்தார்களும்தான் இருந்தார்கள். ஒருவனுடைய வாழ்வு இன்னொருவனுடைய நல்ல மனதைப் பொறுத்திருக்கலாமா என்பதே விஷயம்.

பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தால் கல்யாணமானதும் விட்டுவிடுவாள், செலவும் உழைப்பும் வீண் என்று சொல்லுகின்றவர்களும் இருக்கின்றார்கள். அவளே விடுகின்றாளா, விடவைக்கின்றார்களா? சோதனைக் குழாயில் கிருமி வளர்கின்ற நேரம் இரவு பத்து மணி என்றால், வீட்டில் பிள்ளைக்குப் பால் காய்ச்ச வேண்டியது அவள் ஒருத்தி வேலை என்று எந்த விஞ்ஞானம் சொல்லிற்று? புருஷன் காய்ச்சினால் பால் பொங்காதா?

ஆகையால் நாம் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமல்ல. வழிகாட்டுகின்றவர் ஒருவரும், பட்டத்துக்குக் கையெழுத்துப் போடுகின்றவர் வேறொருவருமாய் இருக்கட்டும். அந்தக் கமிட்டியைக் கூட்டும் அதிகாரம் 'கைடு' கையைவிட்டுப் போகட்டும். ஒவ்வொரு 'கைடு'யிடமும் பத்து வருஷத்தில் எத்தனை ஆணும் பெண்ணும் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் நடுவில் நின்றார்கள், முடித்தவர்கள் இன்று எங்கே இருக்கின்றார்கள் என்பதைக் கழகத்தின் வாசலில் எழுதிப் போடட்டும். ரயில் எத்தனை மணி தாமதம் என்பதைப் பலகையில் போடுகின்ற தேசத்தில் இதைப் போட என்ன வெட்கம்? மகளையோ மகனையோ ஆராய்ச்சியில் சேர்க்கப் போகும் தோழர்கள், கட்டடத்தின் உயரத்தைப் பார்த்து மலைத்துப்போகாமல், முதலில் இந்தக் கணக்கைக் கேட்கவேண்டும். கொடுக்கமாட்டேன் என்றால், அடுத்த கூடத்துக்குப் போய் அங்கேயும் இதையே கேட்கவேண்டும்.