பவளப்பாறை வெறும் கல்லா?

பவளம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மோதிரத்தில் பதிக்கும் சிவப்புக் கல்தான். ஆனால் தூத்துக்குடிப் பக்கம் ஒரு காலத்தில் பவளப்பாறை என்றால் சுண்ணாம்பு! கடலுக்குள் இறங்கி, கடப்பாறையால் பெயர்த்து, வள்ளத்தில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்து, காளவாசலில் போட்டுச் சுட்டார்கள். அஸ்திவாரத்துக்கும் கல்லாகப் போனது. அது உயிருள்ள ஒன்று என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

உண்மையில் பவளம் ஒரு விலங்கு. பாலிப் எனப்படும் மிகச் சிறிய உயிரிகள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழ்ந்து, கடல் நீரில் உள்ள கால்சியத்தை எடுத்துத் தங்களைச் சுற்றிச் சுண்ணாம்புக் கூடு கட்டுகின்றன. இப்படிப் பல நூறு ஆண்டுகள் கட்டியதுதான் பாறை. அவற்றின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. பாசி சூரிய ஒளியில் உணவு தயாரித்துக் கொடுக்கிறது; பவளம் அதற்கு இடம் கொடுக்கிறது. பவளத்தின் நிறத்துக்கும் பெரும்பாலும் இந்தப் பாசிதான் காரணம். கடல் தரையில் 1 சதவீதத்துக்கும் குறைவான இடமே பவளப்பாறை. ஆனால் கடல்வாழ் இனங்களில் ஏறத்தாழ கால் பங்கு அதை நம்பித்தான் இருக்கின்றன.

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே, மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருக்கின்றன. இவற்றைச் சுற்றித்தான் பவளப்பாறைகள். 1986இல் இது கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆனாலும் பாறை வெட்டுவது நிற்கவில்லை. விளைவு? பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. அலையைத் தடுக்கும் சுவரை இடித்த பிறகு உள்ளே இருக்கும் மணல்திட்டு எத்தனை நாள் தாங்கும்?

2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு! 2004 சுனாமிக்குப் பிறகு, 2005 வாக்கில் பாறை வெட்டுவது ஏறக்குறைய நின்றது. அடுத்த சில ஆண்டுகளில் உயிருள்ள பவளத்தின் பரப்பு மெல்லக் கூடவும் செய்தது. கையை எடுத்தாலே கடல் தன்னைத் தேற்றிக்கொள்ளும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஆனால் அதற்குள் வேறு ஆபத்து வந்துவிட்டது. கோடையின் வழக்கமான உச்சத்தைவிட 1 டிகிரி கூடுதல் வெப்பம் சில வாரங்கள் நீடித்தாலே பவளம் தன்னுள் இருக்கும் பாசியை வெளியேற்றிவிடும். பிறகு வெள்ளை வெளேர் என்று நிற்கும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும். இல்லாவிட்டால் பட்டினியால் சாகும். மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் இப்படி வெளுத்துப் பெருமளவு பவளம் செத்தது. உலக அளவில் நான்காவது பெரிய வெளுப்பு நடப்பதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது.

இங்கேதான் ஒரு வசதியான சாக்கு கிடைக்கிறது. "உலகமே சூடாகிறது, உள்ளூரில் என்ன செய்ய முடியும்?" என்பது அந்தச் சாக்கு. இது தவறு. காய்ச்சல் வந்தவனுக்குப் பட்டினியும் போட்டால் என்ன ஆகும்? சாக்கடை நீர், பாறையை உரசிச் செல்லும் இழுவை மடி, அறுந்து சிக்கிக் கிடக்கும் நைலான் வலை, எல்லாம் சேர்ந்து பவளத்தின் தாங்கும் சக்தியைக் குறைக்கின்றன. வருமானத்துக்காக வளர்க்கப்பட்ட கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி, குருசடைத் தீவின் பவளங்கள் மேல் படர்ந்து மூச்சை அடைப்பது 2008இல் தெரியவந்தது. இவற்றில் எதுவும் வானத்திலிருந்து வந்ததல்ல.

இன்னொரு சாக்கு, எல்லாப் பழியையும் மீனவர்கள் மேல் போடுவது. பாறையை வெட்டியவர் கூலிக்கு வெட்டினார். அந்தச் சுண்ணாம்பை வாங்கி வீடு கட்டியவர்கள் யார்? இன்றும் தீவுப் பக்கம் போகத் தடை என்றால் முதலில் அடிபடுவது முங்கிப் பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள்தான். நகரத்தின் கழிவுநீருக்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை! மாற்றுத் தொழிலுக்கு வழி செய்யாமல் தடை மட்டும் போட்டால் பாறைக்குக் காவல் இருக்க வேண்டியவர்களே அதற்கு எதிரியாகிவிடுவார்கள்.

தூத்துக்குடி அருகே கரைந்துகொண்டிருந்த வான் தீவைக் காப்பாற்ற, கடலில் கான்கிரீட் பாறைகளை இறக்க வேண்டியிருந்தது. பவளம் சம்பளம் கேட்காமல் செய்துவந்த வேலை அது. இருக்கிற சுவரை இடிக்காமல் விடுவதா, இடித்துவிட்டுக் காசு கொடுத்துக் கட்டுவதா? எது லாபம் என்று கணக்குப் போட பெரிய படிப்பு தேவையில்லை.