கண் மஞ்சளானால் கீழாநெல்லி மட்டும் போதுமா?

'வீட்டுக்காரருக்கு நான்கு நாளாகக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி. நேற்றிலிருந்து கண்ணும் மஞ்சளாக இருக்கிறது. போன வாரம் முழுக்க நடவு வயலில் சேற்றில் நின்று வேலை பார்த்தார். வரப்பில் கீழாநெல்லி நிறைய இருக்கிறது. மோரில் அரைத்துக் கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார் அத்தை. எவ்வளவு கொடுக்கலாம்?'
- வாசகி, குப்பனூர், சேலம் மாவட்டம்.

முதலில் மருத்துவமனை, மற்றதெல்லாம் பிறகு. காய்ச்சல், கெண்டைக்கால் வலி, மஞ்சள் கண், சேற்று வேலை ஆகிய நான்கும் சேர்ந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து, காலில் உள்ள வெடிப்பு, காயம் வழியாக இந்தக் கிருமி உடலுக்குள் போகிறது. தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயாடிக் மருந்தில் குணமாகும். தள்ளிப்போட்டால் சிறுநீரகம் பழுதாகி உயிருக்கே ஆபத்தாகும். கீழாநெல்லி இந்தக் கிருமிக்கு மருந்தல்ல. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்லுங்கள். வயலில் வேலை செய்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மஞ்சள் காமாலை என்பது தனி நோயல்ல, ஓர் அறிகுறி. அசுத்தமான தண்ணீரால் வரும் 'ஏ' வகைக் காமாலை, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே குணமாகிவிடும். அந்த நாட்களில் என்ன பச்சிலை கொடுத்தாலும் அதுதான் குணப்படுத்தியது என்று தோன்றும். ஆனால் பித்தப்பைக் கல், குடி, 'பி' வகைக் கிருமி என்று காமாலைக்குக் காரணங்கள் பல. எது என்பது மருத்துவப் பரிசோதனையில்தான் தெரியும்.

அப்படியானால் கீழாநெல்லியில் பலனே இல்லையா? சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழுவினர், 'பி' வகைக் கிருமியைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் சேர்ந்து, 1988-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்தக் கிருமியைச் சுமந்தவர்களுக்கு 200 மில்லிகிராம் கீழாநெல்லிப் பொடியைத் தினம் மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால், தாய்லாந்து உட்பட வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. எனவே துணை மருந்து என்ற அளவில் வைத்துக்கொள்வதே நல்லது.

டாக்டர் பார்த்த பிறகு கொடுக்க விரும்பினால் அரசு மருத்துவமனை சித்தப் பிரிவில் அளவு கேட்டுக் கொடுங்கள். கவனிக்க வேண்டியவை:

* இலைக்காம்பின் அடியில் சிறு காய்கள் வரிசையாகத் தொங்கினால் கீழாநெல்லி. தண்டு சிவந்து, காய் சொரசொரப்பாகக் காம்பின்றி ஒட்டியிருந்தால் அது வேறு இனம்.
* களைக்கொல்லி, பூச்சிமருந்து அடித்த வரப்பிலும், சாக்கடை ஓரத்திலும் பறிக்காதீர்கள். நன்றாகக் கழுவுங்கள். வீட்டுத் தொட்டியிலேயே வளர்க்கலாம்.
* சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது.
* கர்ப்பிணிகளுக்கும் பிறந்த குழந்தைகளுக்கும் கொடுக்கவே கூடாது. இவர்களுக்குக் கண் மஞ்சளானால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.
* கண்ணிலோ மூக்கிலோ சாறு விடுவதும், சூடு போடுவதும் வேண்டாம்.
* உளறல், அதிகத் தூக்கம், ரத்தக்கசிவு, வயிறு வீக்கம், நிற்காத வாந்தி இருந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள்.

குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் 'பி' வகைக் காமாலைத் தடுப்பூசி அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடப்படுகிறது. காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் ஆறும் வரை சேற்றில் இறங்காமல் இருங்கள்.

அத்தை சொன்னது அக்கறையில் சொன்னது. அவரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு இன்றே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.