'விருந்தினர்' ஆசிரியரும் விலக்கப்பட்ட ஊதியமும்

பெங்களூரை பிளேக் சூறையாடிய பின், கன்டோன்மென்ட் நெரிசலைத் தணிக்க எழுப்பப்பட்ட குடியிருப்பு பிரேசர் டவுன். மைசூரின் இளம் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு ஆசிரியராக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரை அது இன்றும் தாங்கி நிற்கிறது. அரசனுக்குப் பாடம் சொன்னவர் பெயரில் ஓர் ஊரே உண்டு. கர்நாடகத்தின் அரசுப் பள்ளிகளில் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வரும் புதிய ஆசிரியருக்கோ ஒழுங்கான பணிப்பெயர்கூட இல்லை. அவர் 'அதிதி சிக்ஷகர்'. தமிழில் விருந்தினர் ஆசிரியர்.

நாள் குறிக்காமல் வருபவரே அதிதி என்பது அச்சொல்லின் வேர்ப்பொருள். இங்கோ அவர் வரும் நாளும் வெளியேற்றப்படும் நாளும் அரசாணையிலேயே குறிக்கப்பட்டுவிடுகின்றன. 2025-26 கல்வியாண்டுக்கு இத்தகையோர் 51,000 பேர். தொடக்கப் பள்ளியில் மாதம் 10,000 ரூபாய், உயர்நிலைப் பள்ளியில் 10,500 ரூபாய் என்றிருந்த தொகையில் 2025 மார்ச் பட்ஜெட்டில் சித்தராமையா அரசு 2,000 ரூபாய் கூட்டியது. கோடை விடுமுறைக்கு அதுவும் இல்லை; ஜூனில் மீண்டும் விண்ணப்பித்து வரிசையில் நிற்க வேண்டும். இத்தொகைக்கு ஊதியம் என்று பெயரில்லை, 'கௌரவதனம்' என்று பெயர். நமது 'மதிப்பூதியம்' அதன் உடன்பிறப்பு. மதிப்பு என்ற சொல் முன்னே வந்து அமர்ந்ததும், ஊதிய விகிதம், அகவிலைப்படி, வைப்புநிதி, மகப்பேறு விடுப்பு ஆகிய அனைத்தும் பின்வாசல் வழியே வெளியேறிவிடுகின்றன.

இதற்குத் தத்துவப் பூச்சு தருவது 'சேவை' என்னும் கருத்து. அமெரிக்காவில் 1990-இல் களமிறங்கிய டீச் ஃபார் அமெரிக்காவின் வழியில், 2009-இல் டீச் ஃபார் இந்தியா இங்கு வந்தது. பட்டதாரி இளைஞர்கள் இரண்டாண்டுகள் ஏழைக் குழந்தைகளுக்குக் கற்பிக்க வேண்டும். அந்த அமெரிக்கத் திட்டத்தின்மீது நமக்கு மயக்கம் ஏதுமில்லை. அங்குள்ள ஆசிரியர் சங்கங்கள் அதை நெடுங்காலமாகவே எதிர்த்து வந்துள்ளன. ஆயினும் அங்கே அந்த இளைஞரைப் பணியமர்த்துவது பள்ளி நிர்வாகம். பிற புதிய ஆசிரியருக்குரிய அதே ஊதியம் அவருக்கும் உண்டு. அதற்கு மேல் கூட்டாட்சி அரசின் அமெரிகார்ப்ஸ் திட்டம் வழியாகக் கல்வி உதவித்தொகையும், கல்விக்கடன் தவணைகளைத் தள்ளிவைக்கும் சலுகையும் பெற வழியுண்டு. முதலாளித்துவத்தின் தலைமையகத்திலேயே நிலை இதுதான். இந்தியாவுக்கு வந்தபோது சேவை என்ற சொல் மட்டும் கப்பலேறி வந்தது, ஊதிய விகிதம் அங்கேயே தங்கிவிட்டது. இங்கு உதவித்தொகை வருவது நன்கொடையிலிருந்து. கல்வித்துறையின் ஊதிய விகிதத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை. வீட்டில் கடனும் தங்கை படிப்பும் காத்திருக்கும் கட்டடத் தொழிலாளியின் மகளால் இரண்டாண்டுகள் 'சேவை' செய்துவிட முடியுமா?

எல்லை தாண்டினாலும் கதை மாறவில்லை. 2021 அக்டோபரில் தமிழ்நாட்டில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். 2022-இல் 13,331 காலியிடங்களைத் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு நிரப்ப முனைந்தபோது இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என்று விலை குறித்தார்கள். தேர்தல் களத்தில் தோழமை கொண்ட அரசு என்பதற்காக இதைச் சொல்லாமல் விட முடியாது. தேசியக் கல்விக் கொள்கை 2020 தன்னார்வலர்களை வகுப்பறைக்கு அழைப்பதை நாம் எதிர்க்கிறோம். அதே அழைப்பு வேறு கட்சியின் வண்ணத்தில் வந்தால் மட்டும் இனித்துவிடாது.

சமவேலைக்குச் சம ஊதியம் தற்காலிக ஊழியருக்கும் பொருந்தும் என்று 2016-இல் பஞ்சாப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில், மாதம் 30,000 ரூபாய்க்கு ஒப்பந்த உதவிப் பேராசிரியர்களை வைத்திருந்த குஜராத் அரசையும் அது கண்டித்து, குறைந்தபட்ச ஊதிய விகிதத்தை வழங்க உத்தரவிட்டது. ஆனால் வழக்குத் தொடுத்தவர் வாசலோடு தீர்ப்பு நின்றுவிடுகிறது. அரசுகள் அடுத்த ஜூனில் அதே பழைய ஆணையைப் புதுத் தேதியிட்டு வெளியிடுகின்றன.

நம் அணிகளிலும் ஒரு தயக்கம் உண்டு. "அவர்கள் நிரந்தர ஊழியர் அல்லர், சங்கத்தில் எப்படிச் சேர்ப்பது?" என்கிறார்கள் சிலர். அருகருகே இரு வகுப்பறைகளில் ஒரே பாடத்தை நடத்தும் இருவரில் ஒருவரை மட்டும் தொழிலாளி என்று ஏற்பது அரசு போட்ட கோட்டை நாமே காவல் காப்பதாகும். குறைந்த ஊதியத்தில் ஒருவர் கிடைக்கும்வரை நிரந்தரப் பணியிடத்தை நிரப்ப எந்த அரசுக்கும் அவசரம் இராது. நிரந்தர ஆசிரியரின் அடுத்த ஊதிய உயர்வுப் பேச்சுவார்த்தையிலும் அந்தப் பதினான்காயிரத்தை எட்டாத தொகைதான் எதிர்த்தரப்பின் வாதமாக மேசைக்கு வரும். எனவே ஆசிரியர் சங்கங்களின் விதிகளைத் திருத்தி விருந்தினர் ஆசிரியரை முழு உரிமையுள்ள உறுப்பினராகச் சேர்க்க வேண்டும். பன்னிரண்டு மாத ஊதியமும் நிரந்தரப் பணியிடத்தின் தொடக்க நிலை ஊதியமும் கோரிக்கைப் பட்டியலின் கடைசி வரியில் அல்ல, முதல் வரியில் இடம்பெற வேண்டும். அடுத்த கல்வியாண்டின் ஆணை வெளியாகும் முன்பே இவ்வேலை தொடங்கியாக வேண்டும்.