வழக்கொழியும் நூலகங்கள்: செலவு யாருடையது?

கணினியில் நாம் பயன்படுத்தும் எந்த மென்பொருளும் தனித்து இயங்குவதில்லை. திரையில் கோடு வரைதல், ஒலி எழுப்புதல் போன்ற அடிப்படை வேலைகளை அது இயங்குதளத்தோடு வரும் நிரல் நூலகங்களிடம் ஒப்படைத்துவிடுகிறது. அவற்றுள் ஒன்று 'வழக்கொழிந்தது' என இயங்குதள நிறுவனம் ஒருநாள் அறிவிக்கிறது. அறிவிப்பவருக்கு அது ஒரு வரி. அதை நம்பி எழுதியவருக்கோ பல ஆண்டு உழைப்பு. ஒருவர் எடுக்கும் முடிவின் செலவு வேறொருவர் தலையில் விழுவதைப் பொருளியலில் புறவிளைவு என்போம். ஆலைக்கழிவுக்கு மட்டும் உரியதன்று அச்சொல்.

'கார்பன்' என்ற நூலகத்தின் கதை இதற்குச் சான்று. பழைய மேக் மென்பொருள்களை மேக் ஓஎஸ் எக்ஸுக்குக் கொண்டுவர ஆப்பிள் நிறுவனமே கட்டிக்கொடுத்த பாலம் அது. அதன் 64 பிட் வடிவம் வரும் என்று 2006-இல் சொன்ன ஆப்பிள், 2007-இல் அதைக் கைவிட்டது. அடோபியின் ஃபோட்டோஷாப் அந்தப் பாலத்தின் மேல்தான் நின்றிருந்தது. 2008-இல் வெளிவந்த அதன் பதிப்பு விண்டோஸில் மட்டுமே 64 பிட் ஆற்றலைப் பெற்றது. மேக் பயனர்கள் 2010 வரை காத்திருந்தனர். 1990-இல் மேக் கணினிக்கென்றே பிறந்த மென்பொருளுக்கு நேர்ந்தது இது!

அடோபி பெருநிறுவனம், செலவை விலையில் ஏற்றிவிடலாம். இலவசமாக வழங்கப்படும் கட்டற்ற மென்பொருள்களுக்கு ஏற்றுவதற்கு விலையே இல்லை. 2018-இல் ஓப்பன்ஜிஎல் என்னும் வரைகலை நூலகத்தை ஆப்பிள் வழக்கொழிந்ததாக அறிவித்தபோது இந்த வேறுபாடு வெளிப்பட்டது. ஒரே நிரலை விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடச்செய்யும் பொதுமொழியாக 1992 முதல் வளர்ந்தது ஓப்பன்ஜிஎல். அதற்கு மாற்றாக முன்வைக்கப்பட்ட 'மெட்டல்' ஆப்பிள் கருவிகளில் மட்டுமே இயங்கும். ஆக, பல தளங்களுக்கு எழுதுபவர் ஒரு வேலையை இருமுறை செய்ய வேண்டும்.

பழையதை என்றென்றும் காப்பாற்று என்பதும் நியாயமான கோரிக்கையன்று. விண்டோஸுக்கான குயிக்டைமை ஆப்பிள் கைவிட்ட நிலையில், அதில் திருத்தப்படாத பாதுகாப்பு ஓட்டைகள் இருப்பது 2016 ஏப்ரலில் வெளியாயிற்று. அதை நீக்கிவிடுமாறு அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பே அறிவுறுத்தியது. ஆனால், சில காணொளி வடிவங்களுக்கு அதை நம்பியிருந்த அடோபி மென்பொருள்களின் பயனர்களால் உடனே நீக்கவும் முடியவில்லை. மைக்ரோசாஃப்ட் இதற்கு நேர்மாறான வழியில் செல்கிறது. 1998-இன் விசுவல் பேசிக் 6 நிரல்கள் விண்டோஸ் 11-லும் ஓடுகின்றன. அந்தப் பொறுமையும் இலவசமன்று. பழைய குப்பையைச் சுமப்பதற்கும் பொறியாளர் ஊதியம் உண்டு.

இடைத்தரகர் பயன்படும் இடம் இது. 2020 டிசம்பரில் வந்த 'க்யூட் 6' கட்டமைப்பு, வரைகலை நூலக வேறுபாடுகளைத் தனக்குள் மறைத்துக்கொள்ளும் ஓர் அடுக்கைக் கொண்டது. ஒருமுறை அது செலவழித்தால் அதன்மேல் எழுதப்பட்ட பல மென்பொருள்கள் தப்பிக்கும். (ஐந்திலிருந்து ஆறுக்கு மாறுவதே தனிப் பாடு என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

செலவை உண்டாக்கியவரே அதில் பங்கேற்ற நிகழ்வும் உண்டு. 2021 அக்டோபரில் பிளெண்டர் என்னும் கட்டற்ற முப்பரிமாண மென்பொருளின் மேம்பாட்டு நிதியில் ஆப்பிள் சேர்ந்தது. பொறியியல் உதவியும் அளித்தது. அடுத்த மார்ச்சில் பிளெண்டரின் படமாக்கும் பொறி மெட்டலில் இயங்கியது. பிளெண்டர் புகழ்பெற்றது, அதனால் கிடைத்தது. ஓரிரு தன்னார்வலர் பராமரிக்கும் சிறு மென்பொருள்களுக்கு அத்தகைய உதவி வருவது அரிது. அவர்களுக்குக் குறைந்தபட்சம் தேவைப்படுவது ஒரு தேதி. ஓப்பன்ஜிஎல் வழக்கொழிந்தது என்ற 2018 அறிவிப்பில், அது எந்த ஆண்டு நீக்கப்படும் என்ற குறிப்பு இல்லை.