48 மணி நேர ஹாம் ரேடியோ போட்டி: ஒரு எழுத்து தப்பினால் என்ன ஆகும்?

சேலம், நாமக்கல் சமவெளியில் மொட்டை மாடி ஆன்டெனாவை நம்பி ‘சிக்யூ வேர்ல்டு வைடு’ போட்டியில் இறங்கும் ஹாமுக்கு, அக்டோபரின் கடைசி முழு வார இறுதியில் தூக்கம் கிடையாது. சனி காலை 5.30க்கு தொடங்கி திங்கள் காலை 5.30 வரை போட்டி.

புள்ளி எப்படி?

வேறு கண்டத்தோடு பேசினால் 3. ஆசியாவுக்குள் வேற நாடு என்றால் 1. இந்தியாவுக்குள்ளேயே பேசினால் 0. மொத்தப் புள்ளியை, ஒவ்வொரு அலைவரிசையிலும் பிடித்த நாடுகள், மண்டலங்களின் எண்ணிக்கையால் பெருக்குவார்கள். இந்தியா 22வது மண்டலம்.

சாஃப்ட்வேர் எதுக்கு?

இலவசமாகக் கிடைக்கும் ‘என்1எம்எம் லாகர் பிளஸ்’ போன்றவற்றில் அழைப்புக்குறியை டைப் செய்தாலே போதும். அது எந்த நாடு, இதே அலைவரிசையில் ஏற்கெனவே பேசியாச்சா என்று காட்டிவிடும். நேரத்தையும் சர்வதேச நேரப்படி தானே பதியும்.

சிக்கல் எங்கே?

காதில் தப்பாக விழுந்ததை சாஃப்ட்வேரால் திருத்த முடியாது. போட்டி முடிந்து 5 நாளுக்குள் ‘கேப்ரில்லோ’ ஃபைலை அனுப்பணும். எதிர்முனை பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அழைப்புக்குறியில் ஒரு எழுத்து மாறினாலும் அந்தத் தொடர்பு போச்சு, அபராதமும் உண்டு.

வெறும் விளையாட்டா?

இல்லை. 2004 சுனாமியின்போது, பாரதி பிரசாத் தலைமையில் அந்தமான் போயிருந்த ஹாம் குழுதான் தகவல் தொடர்புக்குக் கைகொடுத்தது. பேரிடரில் ஒரு பெயரைத் தப்பாக எழுதினால், இழப்பு புள்ளியோடு நிற்காது.