கவரைப் பிரிக்காமலே கடிதம் படிக்கலாம்!

நான் சிறுமியாக இருந்தபோது பிரான்சிலிருந்து சின்னத் தாத்தாவின் கடிதங்கள் காரைக்காலில் எங்கள் வீட்டுக்கு வரும். தபால்காரர் எந்தக் கவரையும் பிரித்தவர் அல்ல. ஆனாலும் திண்ணையில் வைக்கும்போதே, "என்னம்மா, இந்தத் தடவை கனமா இருக்கே, பத்திரம் ஏதும் வந்திருக்கா?" என்று பாட்டியைக் கேட்பார். மெல்லிசாக இருந்தால் வெறும் நலம் விசாரிப்பு. ஒரே வாரத்தில் இரண்டு வந்தால் அங்கே யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை! சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். கனமும் நேரமும் காட்டிக் கொடுத்துவிடும்.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்கிறீர்களா? சில மாதங்களுக்கு முன் எனக்கு மார்பில் சிறு கட்டி ஒன்று தட்டுப்பட்டது. வீட்டில் சொல்லக் கூச்சம். ஒரு கல்யாணத்துக்குப் போய் விடுதியில் தங்கியபோது, எல்லாரும் தூங்கிய பிறகு, அங்கிருந்த இலவச வைஃபையில் செல்போனைத் திறந்து, செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் எல்லாவற்றையும் கேட்டேன். பூட்டுப் படம் தெரிந்தது, மனசு நிம்மதியாயிற்று.

ஊர் திரும்பியதும் கம்ப்யூட்டர் படித்த அண்ணன் மகனிடம், என்ன கேட்டேன் என்று சொல்லாமல், "அந்தப் பூட்டை நம்பலாமாடா?" என்றேன்.

"நம்பலாம் அத்தை. ஆனா பூட்டு எழுத்தைத்தான் மறைக்கும், அளவை மறைக்காது" என்றான்.

நாம் அனுப்புவதும் பெறுவதும் சிறு சிறு பொட்டலங்களாகப் போய் வருகின்றனவாம். பொட்டலத்துக்குள் இருப்பதை வழியில் நிற்பவர் படிக்க முடியாது. ஆனால் எத்தனை பொட்டலம், எவ்வளவு பெரிசு, என்ன இடைவெளியில் போகிறது என்று எண்ணிவிடலாம். எங்கள் தபால்காரர் கதைதான்!

2010-இல் மைக்ரோசாஃப்ட், இந்தியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை நிரூபித்தார்கள். பூட்டிய இணையதளங்களிலும் ஒருவருடைய நோய், மருந்து, குடும்ப வருமானம்கூடப் பொட்டல அளவை வைத்து ஊகிக்க முடிந்தது. நுண்ணறிவு உதவியாளர்கள் பதிலைத் துண்டு துண்டாக அனுப்புவதால் ஒவ்வொரு துண்டின் நீளமும் வெளியே தெரிந்தது. 2024-இல் இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த நீளங்களைக் கொண்டே 55 சதவீதப் பதில்கள் எதைப் பற்றியவை என்று கண்டுபிடித்தார்கள். 29 சதவீதப் பதில்களை ஏறக்குறைய அப்படியே எழுதியும் காட்டினார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இதற்கு மாற்று உண்டா? எங்கள் பாட்டி செய்ததுதான். "இனி எல்லாக் கவரும் ஒரே கனமா இருக்கட்டும், மாசம் ஒண்ணுதான்" என்று எழுதிப் போட்டார். விஷயம் இல்லாத மாதத்தில் சின்னத் தாத்தா வெற்றுத்தாள் மடித்து வைத்தார். தபால் செலவு கூடியது. தெருவின் வாய் அடைந்தது. கம்ப்யூட்டர்காரர்களும் இப்படியே பொட்டலத்தில் வெற்று எழுத்துகளை நிரப்பி அளவைக் குழப்புகிறார்கள். அந்த ஆய்வுக்குப் பின் சில நிறுவனங்கள் இதைச் சேர்த்துவிட்டன. ஆனால் பொட்டலம் பெருத்தால் செலவும் பெருகும். அதனால் எல்லாரும் செய்வதில்லை.

நாம் செய்யக் கூடியவை:

1. உடம்பு, பணம், குடும்பச் சச்சரவு போன்றவற்றை விடுதி, ரயில் நிலைய இலவச வைஃபையில் தேடாதீர்கள். சொந்த செல்போன் இணைப்பே மேல்.

2. செயலிகளைப் புதுப்பிக்கச் சொன்னால் தள்ளிப் போடாதீர்கள்.

3. விபிஎன் போட்டால் நாம் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது வைஃபைக்காரருக்குத் தெரியாது. ஆனாலும் அளவும் நேரமும் முழுசாக மறையாது.

பயந்து போனை மூட வேண்டாம். இப்படி ஊகிப்பது வழிப்போக்கர் எவரும் செய்கிற காரியமல்ல. படிப்பும் பொறுமையும் வேண்டும்.

என் கட்டி என்னாயிற்று என்கிறீர்களா? கடைசியில் கணவரிடம் சொல்லி, டாக்டரம்மாவிடம் போய் ஸ்கேன் எடுத்தேன். வெறும் கொழுப்புக் கட்டி. கூச்சத்தால் வீணாக்கிய ஒன்றரை மாதத்தை நினைத்தால்தான் இன்றும் நடுக்கம். ரகசியத்தை ஊராரிடமிருந்து காப்பாற்றுங்கள், டாக்டரிடமிருந்து வேண்டாம்.